நீரும் நீராவியும்

திரவம் வெப்பத்தை ஏற்று ஆவியாகும். அவ்வெப்பத்தை விடுத்து மீண்டும் திரவமாகும். முன்னையதை ஆவியாதல் என்றும் பின்னையதை ஒடுங்கல் என்றும் கூறுவோம்.

செல்சியஸ் அளவையில் 1 கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கலோரி வேண்டும். கடல்மட்டத்தில் அந்நீர் முற்றும் ஆவியாதற்கோ மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். எனினும் வெப்பமானி 100 பாகைக்கு மேல் ஏறாது. ஆவியினுள் மறைந்துறையும் இதனை மறைவெப்பம் என்பர். 18 ஆம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து அறிஞர் யோசேப்பு பிளாக் இதனை ஆராய்ந்து விளக்கினார்.

பனையோலை நீற்றுப்பெட்டியிற் புட்டு அவிவதும் இதனாலேயே. மாவிற் பட்டு ஒடுங்கும் ஆவி, தான் கரந்த வெப்பத்தை அதற்கு ஈகின்றது. நம் கையிற் பட்டாலும் அவ்வாறே. ஆதலின் கொதிநீரினும் நீராவி கொடிதாகச் சுடும். கேத்தில் மூக்கின் வாயருகே வெறுமையாகத் தோன்றுமிடத்திலேதான் மெய்யான நீராவி உளது. அப்பால் வெண்புகைபோல் நாம் காண்பன ஒடுங்கிய நுண்துளிகளே. மாணவர்காள், அவ்வெறுமையை நம்பிக் கைநீட்டற்க! சுட்டுவிடின் உடனே குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் அவ்விடத்தில் ஓடவிடுக.

பல்லேகலையை அடுத்த பள்ளத்தாக்கில் விடியலிற் படியும் மூடுபனியும் இத்தகைய நுண்துளிகளே. மகாவலியிலிருந்தும் 1985 இல் திறக்கப்பெற்ற விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்திலிருந்தும் நீர் கொதியாமலே ஆவியாகின்றது. காற்றிற் கலந்த அவ்வாவி இரவுக் குளிரில் ஒடுங்குகின்றது. கதிரேற மீண்டும் ஆவியாகி மறைகின்றது. கண்ணுக்கு மறைந்ததேயன்றி நீர் அழிந்ததன்று. காணாததை இல்லாததெனக் கொள்ளாது ஆராய்தலே கற்பார்க்கு அழகாம்.