ஏரிக்கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

1. நைட் ஷிஃப்ட் முடிந்ததும் பென்னலூர் ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லா வாத்தும் கறுப்புதான்.

2. முங்குவதெல்லாம் வாத்து ஆகாது. நம் ஏரிகளில் சட்டென்று முங்கி வேறோர் இடத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் முக்குளிப்பான். அதை வாத்துக்குஞ்சு என்று குறித்துவைக்கும் தம்பி தங்கைகள் பலர். அலகைப் பாருங்கள்: கூராக இருக்கும், வால் இருப்பதே தெரியாது. கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக, பாசியைக் கவ்விக்கொண்டு தக்கைபோல மேலே வந்தால் நாமக்கோழி. சீழ்க்கைச் சிறகி வாத்து இனம்தான், முங்கவும் செய்யும். பறக்கும்போது அதன் விசிலே காட்டிக்கொடுத்துவிடும்.

3. அசல் முக்குளி வாத்து என்றால் போச்சார்ட். வட இந்திய ஏரிகளில் குளிர்காலத்தில் கூட்டமாகத் தங்கும். இவ்வளவு தெற்கே வருவது அபூர்வம். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அது நீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்: உடம்பு தாழ்ந்து, வால் தண்ணீரைத் தொடுவதுபோல இருக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி மேயும். இது அப்படியல்ல. ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். உடம்பு முழுக்க உள்ளே போய்விடும், மேலே வட்ட அலை மட்டும் விரியும். மனதுக்குள் எண்ணுங்கள். மேலே வரும்போது முதுகில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும். கால்கள் உடம்பின் பின்பக்கம் அமைந்திருப்பதால் முங்குவது எளிது, கரையில் நடப்பது கஷ்டம். எழும்பும்போதும் நீலச்சிறகிபோல நின்ற இடத்திலிருந்து ஜிவ்வென்று கிளம்பாது. தண்ணீர்மேல் படபடவென்று ஓடித்தான் எழும். இத்தனையும் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள்: ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, கறுப்பு மார்பு, சாம்பல் முதுகு. பெட்டை மங்கிய பழுப்பு.

4. முங்கி இரை தேட ஓரளவு ஆழம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியபின், மதகை ஒட்டிய ஆழப்பகுதியைத் தேடுங்கள்.

5. 2015 முதல் உலக அளவில் போச்சார்டை அழியும் அபாயத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றைப் பார்த்தாலும் தேதி, நேரம், இடம் எழுதிவையுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேருங்கள்.

6. பகலில் பெரும்பாலும் முதுகில் அலகைச் செருகித் தூங்கும், இரவில்தான் மேயும். எழுப்பக் கல் எறியாதீர்கள், கைதட்டாதீர்கள். இருட்டும்வரை கரையில் உட்காருங்கள். அது தலையைத் தூக்கும்போது, வெளிச்சம் மிச்சமிருந்தால், ஆணின் சிவந்த கண் தெரியும்.