தாராவியின் துணிப்படம்

நிலப்படம் என்றால் என்ன? ஓர் இடத்தைக் குறித்த அளவிற்குச் சுருக்கித் தாளில் வரைவது என்று பள்ளியில் படித்தோம். அளவு பிழையற்றதாயின் படமும் பிழையற்றது என்றே, இயற்பியல் பயிலும் நான் அண்மைக்காலம் வரை எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தாராவியில் தளர்ந்தது.

மும்பைக்கு வந்து ஒன்றரை ஆண்டுக் காலம், நம்மில் பலரையும் போல, எனக்கும் தாராவி என்பது இட்லி மாவும் முறுக்கும் கிடைக்குமிடம், அவ்வளவே. தொண்ணூறடிச் சாலையோடு திரும்பிவிடுவேன். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அப்பரப்பில் கோலி மீனவர் வாழ்ந்த பழைய கோலிவாடா உண்டு. சௌராட்டிரத்துக் குயவர் வந்து அமைத்த கும்பார்வாடாவில் இன்றும் சூளை புகைகின்றது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முசுலிம்கள் தோல் பதனிட்டனர். உத்தரப் பிரதேசத்தார் துணியில் பூவேலை செய்கின்றனர். இத்தனை மக்களையும் ஒரே படத்தில் எவ்வாறு காட்டுவது?

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் அங்கே மூன்று வாரம் ஒரு கலைக் கண்காட்சி நடைபெற்றது. சந்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் இந்திச் சொல்லையும் இணைத்து ‘ஆலி கலி பினாலே’ என்று பெயரிட்டனர். சிநேகா என்னும் தொண்டு நிறுவனம் நடத்தியது. கலைஞர்கள் வந்து சுவரில் வரைந்துவிட்டுப் போன நிகழ்ச்சியன்று அது. அவ்வூர் மக்களே பட்டறைகளில் கூடிப் படைத்தவை அப்பொருள்கள். அவற்றுள் ஒன்று தாராவியின் நிலப்படம். தாளில் வரைந்ததன்று, பெண்கள் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. பெண்கள் பட்ட அடியும் வசையும் அப்படத்தில் இடம்பெற்றன. எந்த அளவையாளரின் சங்கிலி இதனை அளந்திருக்கும்?

இனி மற்றொரு படத்தைக் காண்போம். தாராவியை இடித்துப் புதிதாய்க் கட்டும் திட்டத்திற்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. லைடார் கருவி ஒளித்துடிப்பைச் செலுத்துகின்றது. அது பட்டுத் திரும்பும் நேரம் தொலைவாகின்றது. ஒரு நானோ நொடித் தாமதம் என்றால் சுவர் 15 சென்டிமீட்டர் அப்பால் என்க. அழகிய இயற்பியல்தான்! ஆனால் 1-1-2000-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு ஒரு விதி. மாடியில் இருப்போருக்கு வேறு விதி. ஏணி வைத்த மாடியறையில் வாழும் குடும்பத்திற்கு அந்த 15 சென்டிமீட்டரைவிட ஒரு பழைய ரசீதே பெரிது.

துணிப்படத்தால் எவருக்கும் வீடு கிடைக்காது. இதையும் சொல்லியாக வேண்டும். கலையை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு விருப்பமில்லை. எனினும் இடிந்தபின் எது எங்கே இருந்தது, யார் யார் அங்கே கூடினர் என்று கேட்டால், கருவிப் படம் சுவர்களைத்தான் காட்டும்.

சென்ற திங்களில் நண்பர் இருவருடன் வெள்ளைத் தாளும் வண்ணக்கோலும் கொண்டு தமிழர் வாழும் ஒரு சந்துக்குச் சென்றேன். ஒரு பாட்டியிடம் தம் சந்தை வரைந்து காட்டுமாறு வேண்டினேன். வடக்குத் திசையை முதலில் குறிக்கச் சொன்னேன். என் படிப்பின் புத்தி! அவர் தாளின் நடுவில் ஒரு குழாயைப் போட்டார்; பிறகு அதைச் சுற்றிக் குடங்கள்; வீடுகள் கடைசியில்.

“குழாய் எங்கே பாட்டி? காணோமே?”

“எடுத்துட்டாங்க தம்பி. விடியக்காலம் மூணு மணிக்கு எல்லாரும் இங்கதான் நிப்போம். மராட்டிக்காரி, குஜராத்திக்காரி எல்லாரும். நான் இந்தி பேசப் படிச்சதே இங்கதான்.”

அத்தாள் நம் சங்க அறையில் இருக்கிறது. பாட்டி விரும்பாமையால் பெயர் எழுதவில்லை. வரும் ஞாயிறு மாலை கும்பார்வாடா செல்கின்றோம். குஜராத்தி தெரிந்த நண்பர் ஒருவர் எங்களுக்கு வேண்டும்.