தடுமாறும் மின்சாரமும் எங்கள் வெள்ள மணியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

இருக்கன்குடி என்றவுடன் மாரியம்மன் கோயிலும் ஆடிக் கடைசி வெள்ளியும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் அருகருகே ஓடி வந்து கூடும் ஊர் அது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இவ்வாறுகள், அடைமழைக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பெருகிவிடும். எனவேதான் அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் தோழியர் இருவரும் 'வெள்ள எச்சரிக்கை மணி' ஒன்றைச் செய்ய முனைந்தோம்.

அமைப்பு எளியதுதான். பிளாஸ்டிக் குழாய்க்குள் காந்தம் ஒட்டிய மிதவை. குழாயின் வெளிப்புறம் மூன்று உயரங்களில் காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சுகள். நீர் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரியும். சிவப்பு எரிந்ததும் ஒரு ரிலே இழுத்துக்கொண்டு மணியை ஒலிக்கச் செய்யும். இதற்குத் தேவை 5 வோல்ட் நேர்மின்சாரம். 6 வோல்ட் மின்மாற்றி, நான்கு டையோடுகள், 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 7805 என்னும் மூன்று கால் ஐ.சி. ஆகியவற்றைக் கொண்டு மின்வழங்கியை நாங்களே செய்தோம்.

பள்ளியில் பகலில் மணி ஒருவாறு ஒலித்தது. குரல் மட்டும் சற்றுக் கம்மியிருந்தது. மாலையில் வீட்டில் வைத்துப் பார்த்தபோதோ, ரிலே 'டக டக டக' என்று வெட்டுக்கிளிபோல் துடித்தது. விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. மல்டிமீட்டரை வைத்தால் சரியாக 5 வோல்ட் காட்டியது! ஐ.சி.யை மாற்றினோம், டிரான்சிஸ்டரை மாற்றினோம், ரிலேயையும் மாற்றினோம். கைப்பணம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் ரேடியோ பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே, "எப்பம்மா அளந்தீங்க, மணி அடிக்கும்போதா, சும்மா கெடக்கும்போதா?" என்று கேட்டார். சும்மா இருக்கும்போதுதான் என்றோம். "லோடு இல்லாம அளந்தா எல்லாக் கழுதையும் குதிரைதாம்மா" என்றார். மணி ஒலிக்கும்போது அளந்தால் மீட்டர் 5 வோல்ட்டுக்கு வெகு கீழே நின்றது.

காரணத்தைச் சகோதரி கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினார். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறுவது. நான்கு டையோடுகள் அதை விநாடிக்கு 100 துடிப்புகளாக்கும். அடிகுழாயில் ஒவ்வோர் அடிக்கும்தான் தண்ணீர் வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் குடத்திலிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குடமே மின்தேக்கி. 6 வோல்ட் மின்மாற்றியின் உச்சம் ஏறக்குறைய 8.5, டையோடுகளில் 1.4 போக மீதி 7.1 வோல்ட். 7805 தன் பணியைச் செய்ய உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதாவது எங்கள் சாதனம் முதல் நாளிலிருந்தே விளிம்பில்தான் நின்றிருக்கிறது. ரிலே, மணி, விளக்கு எல்லாம் சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுக்கும்போது, 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நூற்றில் ஒரு விநாடிக்குள் 3 வோல்ட் இறங்கிவிடுகிறது. பிறகு 7 எங்கே, 4 எங்கே!

மீட்டர் சராசரியைத்தான் காட்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. அதைக் காண, மீட்டரை மாறுமின் அளவில் வைத்து, ஒரு கம்பியோடு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைத்து அளக்க வேண்டும். அண்ணாச்சி அவ்வாறே அளந்தபோது ஏறக்குறைய 1 வோல்ட் அலை தெரிந்தது.

மாலையில் மட்டும் ஏன் துடித்தது? அந்நேரம் சுவர் மின்சாரத்தையும் அவரே அளந்தார். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190தான் இருந்தது. (சுவர்ப் பக்கத்தை நாங்கள் தொடவில்லை, தோழியரே, நீங்களும் தொடாதீர்கள்.) தெருவெல்லாம் விளக்கும் மோட்டாரும் ஓடும் வேளையில் நீண்ட கம்பியின் கடைசியிலுள்ள வீட்டுக்கு அழுத்தம் குறையத்தான் செய்யும்.

பெரிய அளவிலும் இதே கதை உண்டு. எடுப்பது மிகுந்து வழங்குவது குறையும்போது நாட்டின் மின்தொகுப்பே தடுமாறும். 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அவ்வாறு மின்தொகுப்பு சரிந்து, பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. தென்னகத் தொகுப்பு அப்போது அத்துடன் ஒத்தியக்கத்தில் இணைக்கப்படாதிருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியாக அது இணைந்தது.

இனி எங்கள் பெட்டிக்கு வருவோம். 9 வோல்ட், 1 ஆம்பியர் மின்மாற்றியும் 2200 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் வைத்தோம். சுவரில் 180 வோல்ட்டே வந்தாலும், எல்லாம் கழித்து அலையின் அடியில் 7.2 வோல்ட் நிற்கும் என்று கணக்கு வந்தது. ரிலேச் சுருளின் குறுக்கே ஒரு 4007 டையோடும் ஐ.சி.யின் காலடியில் சிறு மின்தேக்கிகளும் சேர்த்தோம். ஆனால் பத்து நிமிடத்தில் மணி தானே நின்றுவிட்டது! மிகுதி வோல்ட் முழுவதையும் 7805 வெப்பமாகத்தான் கழிக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். முதுகில் அலுமினியத் தகடு ஒன்றை முடுக்கியதும் சரியாயிற்று.

இன்னுமொரு குறை. மேசையைத் தட்டினால் விளக்கு சிமிட்டியது. அண்ணாச்சி மரப் பென்சிலால் ஒவ்வோர் இணைப்பாகத் தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். அங்கே ஈயம் பளபளப்பின்றிச் சாம்பல் பூத்திருந்தது. அது நான் வைத்த ஈயம். அவசரத்தில் கம்பியைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கிவிட்டேன். ரிலே முனைகளில் தீப்பொறி உண்டாகும் என்றும் அவர் எச்சரித்தார். பட்டாசு அறைக்குள் நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டுச் செல்லும் பகுதி இது. அதனால் இத்தகைய பெட்டியை மருந்துள்ள இடத்தருகே வைப்பதை எண்ணியும் பார்க்கலாகாது.

எல்லாம் சரியென்று மகிழ்ந்து பாட்டியிடம் ஒலிக்கச் செய்து காட்டினேன். பாட்டி கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது: "ஆத்துல தண்ணி வார அன்னைக்கு என்னைக்குத் தாயி கரண்டு இருந்துருக்கு?"

மூவருக்கும் ஒருநாள் உறக்கமில்லை. பின்பு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றைச் சேர்த்தோம். சுவர் மின்சாரம் இருக்கும்வரை இன்னொரு ரிலே இழுத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனதும் அது விடுபட்டு மின்கலத்தை இணைத்துவிடும். மாறும் நொடியில் பெரிய மின்தேக்கியே தாங்கிக்கொள்கிறது. மணி இடைவிடாமல் ஒலித்தாலும் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும்.

கண்காட்சியில் நடுவர் எதிரே மிதவையை உயர்த்தினோம், மணி ஒலித்தது. நான் செருகியைப் பிடுங்கினேன். 'டக்' என்று ஒரே ஓர் ஓசை, மணி நிற்கவில்லை. நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச் வைக்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோழி ஓடிப்போய் மிதவையைக் கீழே இறக்கினாள்.