அரசாங்கக் கொள்கையும் தொழில் வளர்ச்சியும்

விதைப்புக்கு முன் உழவு வேண்டும். அதுபோலவே ஆலைகள் தோன்றுமுன் அரசாங்கத்தின் கொள்கை நிலத்தைப் பண்படுத்த வேண்டும். இவ்வுண்மையை மூன்று நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்து

தடையற்ற வாணிகத்தினாலேயே இங்கிலாந்து தொழிலில் உயர்ந்தது என்று கூறுவோர் உளர். ஆயினும், இந்திய அச்சுத் துணிகளைத் தம் மக்கள் உடுத்தாதவாறு அந்நாட்டுப் பாராளுமன்றம் 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றியது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியும் அதற்குத் தப்பவில்லை. உள்நாட்டில் நெய்த பருத்தித் துணிக்கு மட்டும் 1774-ல் வழி திறக்கப்பட்டது.

ஜப்பான்

ஜப்பானிய அரசாங்கம் 1872-ல் டொமியோகா என்னும் ஊரில் பட்டு நூற்கும் மாதிரி ஆலை ஒன்றை நிறுவியது. பிரெஞ்சு நிபுணர்கள் தொழில் கற்பிக்க வந்தனர். அவர்கள் பெண்களின் இரத்தத்தைக் குடிப்பர் என்ற வதந்தி பரவியதால், வேலைக்கு வர எவரும் துணியவில்லை. ஆலையின் தலைவர் ஓடகா அட்சுதாடா தம் மகளையே முதலில் சேர்த்தார். அச்சம் நீங்கியது. அங்குப் பயின்ற பெண்கள் தத்தம் ஊர் திரும்பிப் பிறருக்குக் கற்பித்தனர். அரசாங்கம் 1893-ல் அவ்வாலையைத் தனியாருக்கு விற்றது. பட்டு நூல் ஏற்றுமதியில் 1909-ல் ஜப்பான் உலகில் முதலிடம் பெற்றது.

இவ்வளர்ச்சிக்குப் பொருள் தந்தவர் யார்? பெரும்பாலும் உழவரே. 1873-ல் நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் வரி விதிக்கப்பட்டது. விளைவு குன்றினும் அதனை ரொக்கமாகவே செலுத்த வேண்டியிருந்தது. 1876-ல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர்; மறு ஆண்டு வரி 2.5 வீதமாகக் குறைந்தது.

தென் கொரியா

தென் கொரியா முதலில் நிலத்தைப் பங்கிட்டது. 1950-ல் நிறைவேறத் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் ஒரு குடும்பத்தின் உடைமையை ஏறத்தாழ 7.5 ஏக்கராக வரையறுத்தது. 1962-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. ஏற்றுமதியைப் பெருக்கிய தொழில்களுக்கே சலுகைக் கடன் வழங்கப்பட்டது. 1968-ல் நிறுவிய போஹாங் உருக்கு நிறுவனம் 1973-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

நாம் கொள்ளத்தக்கவை

பாதுகாப்பு, பயிற்சி, கடன் ஆகிய மூன்றும் அரசாங்கம் அளிக்கக்கூடிய கருவிகளாம். அவற்றுக்குப் பயனும் உண்டு; விலையும் உண்டு. ஆகவே, நம் ஊருக்கு ஒரு தொழில் திட்டம் வரும்போது கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுப்புவோம்: இதற்கு யார் பொருள் தருகின்றனர்? நம்மவருள் யார் தொழில் கற்பர்? உதவிக்கு ஈடாக எப்பயனை, எக்காலத்துக்குள் காட்ட வேண்டும்?

அதிகாரிகளாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. பிறர் பிள்ளைகளை அழைக்குமுன், தம் மகளை அனுப்பிய அத்தலைவரை நினைவிற் கொள்வோமாக.