நடுக்குவாத மருந்தும் விலங்குகளின் நடத்தையும்

கைநடுக்கம், தசை விறைப்பு, அசைவில் மந்தம் ஆகியவை நடுக்குவாதத்தின் முதன்மையான அறிகுறிகளாகும். 1817-ல் இதை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயராலும் இந்நோய் வழங்கப்படுகிறது. நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் இவ்வறிகுறிகள் தோன்றுகின்றன.

இந்நோய்க்கு மருந்து காணும் முயற்சியில் விலங்குகளின் நடத்தையே முதல் அளவுகோலாக அமைந்தது. இந்தியாவின் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், மூளையிலுள்ள டோபமைனைக் குறைக்க வல்லது. 1957-ல் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் இதை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. உடலில் டோபமைனாக மாறும் டோப்பாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடின. இன்றளவும் முதன்மை மருந்தாக விளங்கும் லெவோடோப்பாவின் பயனுக்கு இச்சோதனையே வழிகாட்டியது. கார்ல்சன் 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் ரெசர்பினின் விளைவு தற்காலிகமானது, நரம்பணுக்கள் மடிவதில்லை. இக்குறையை நீக்க, 6-ஹைட்ராக்சிடோபமைன் என்னும் நஞ்சை எலியின் மூளையில் ஒரு பக்கம் மட்டும் செலுத்தி, அப்பக்கத்து நரம்பணுக்களை அழிக்கும் முறையை 1968-ல் உங்கர்ஸ்டெட் வகுத்தார். அபோமார்பின் போன்ற மருந்தைப் பெற்றதும் அந்த எலி பழுதுறாத பக்கம் நோக்கி வட்டமிடும். சுற்றுகளை எண்ணி மருந்தின் ஆற்றலை மதிப்பிடலாம்.

1982-ல் கலிபோர்னியாவில் போலிப் போதைமருந்தை ஊசிமூலம் ஏற்றிக்கொண்ட சிலர் நடுக்குவாத நோயாளிகளைப்போல் விறைத்துப்போயினர். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் நஞ்சு, குரங்குகளிலும் அதே அறிகுறிகளை உண்டாக்கியது. சுண்டெலிகளிலும் அது டோபமைன் நரம்பணுக்களை அழிக்கிறது.

எனினும், விலங்கில் வென்ற மருந்து மனிதரிடமும் வெல்லும் என்பதற்கில்லை. எம்.பி.டி.பி. செலுத்தப்பட்ட சுண்டெலிகளின் நரம்பணுக்களைக் காத்த கோஎன்சைம் கியூ-10, கிரியேட்டின் ஆகியவற்றின் மனிதச் சோதனைகள், பயன் தென்படாமையால் முறையே 2011-லும் 2013-லும் நிறுத்தப்பட்டன. நஞ்சு சில நாட்களில் அழிவை உண்டாக்குகிறது. நோயோ பல்லாண்டுகளாக மெல்ல வளர்கிறது.

எனவே, நடத்தைச் சோதனை அறிகுறி தணிவதைக் காட்டலாம். நோய் தடைப்படுவதை அது ஒன்றே மெய்ப்பிக்காது. இயன்றவரை விலங்குச் சோதனைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது, இந்தியாவின் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. சோதனை விடையளிக்கக்கூடிய வினாவை மட்டுமே அதனிடம் கேட்பது, விலங்குக்கும் நோயாளிக்கும் ஒருங்கே செய்யும் கடமையாகும்.