பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன்னாடி இந்த பில்களைப் போட்டுப் பாருங்க

"சார், டாலி வாங்கலாமா, ஸோஹோவா, இல்ல மொபைல்லயே பில் போடுற ஆப் போதுமா?" வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். நான் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஒரு உரக்கடைக்குப் பொருந்துவது ஹார்டுவேர் கடைக்குப் பொருந்தணும்னு இல்லை. அதற்குப் பதிலாக, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன். வீடியோவில் திரையில் காட்டியதைத்தான் இங்கே எழுத்தில் விரிவாகக் கொடுக்கிறேன்.

முதல் விஷயம். டெமோ காட்ட வருபவர் தன்னுடைய லேப்டாப்பில், தன்னுடைய சாம்பிள் டேட்டாவை வைத்துத்தான் காட்டுவார். அதில் எல்லாமே அழகாக ஓடும். நீங்கள் கேட்க வேண்டியது ட்ரையல். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில், உங்கள் பிரிண்டரில், போன மாதம் நீங்கள் கையால் போட்ட இருபது பில்லை மறுபடி அடித்துப் பாருங்க. மொத்தம் ஒத்து வருதா, வரி ஒத்து வருதா என்று பேனாவும் பேப்பரும் வைத்துச் சரிபாருங்க.

எல்லைக் கோட்டில் ஒரு கடை

இந்த இருபதில் ஐந்தாறு பில் நம்ம ஊருக்கென்றே போட வேண்டியவை. சென்னையில் கடை வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் ரோட்டில் போய்ப் பாருங்க. அரியூர் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம், கடலூர் கூப்பிடு தூரம். நமக்கு இது ஒரே ரோடு, ஒரே சொந்தபந்தம். ஜிஎஸ்டிக்கு இது 34-ம் 33-ம். அதாவது இரண்டு வேறு மாநிலக் குறியீடுகள். திருபுவனையில் இறக்கும் சரக்குக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வழியில் கண்டமங்கலத்திலேயே இறக்கினால் ஐஜிஎஸ்டி.

முதல் சோதனை: கம்பெனி செட்டிங்கில் மாநிலம் புதுச்சேரி என்று கொடுத்து ஒரு உள்ளூர் பில் போடுங்க. சில சின்ன சாஃப்ட்வேர்கள் "யூனியன் பிரதேசம்தானே" என்று யூடிஜிஎஸ்டி போட்டுவிடும். அது தவறு. நமக்குச் சட்டசபை இருக்கிறது, 2017-ல் நாமே இயற்றிய புதுச்சேரி ஜிஎஸ்டி சட்டமும் இருக்கிறது. அதனால் நமக்கு எஸ்ஜிஎஸ்டிதான்.

அடுத்து, காரைக்காலுக்கு ஒரு பில், மாஹேவுக்கு ஒரு பில். மாஹே கேரளாவுக்குள் இருந்தாலும் குறியீடு 34-தான், ஐஜிஎஸ்டி வரக் கூடாது. அப்புறம் பின்கோடு. பின்கோடை அடித்தாலே மாநிலத்தைத் தானாக நிரப்பும் வசதியைப் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்பார்கள். புதுச்சேரி 605001, விழுப்புரம் 605602. பாகூர் 607402, கடலூர் 607001. முதல் மூன்று எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் சாஃப்ட்வேர் நம்ம ஊரில் நிச்சயம் தடுமாறும். தானாக நிரப்பட்டும், பரவாயில்லை. ஆனால் சப்ளை நடக்கும் இடத்தை ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் கையால் மாற்ற முடிகிறதா என்று பாருங்க. முடியாது என்றால் அதை வாங்காதீங்க.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ரெகுலர் ஸ்கீமில் இருப்பவர் வரியின் வகையை மாற்றிக் கட்டிவிட்டால், சரியான வரியை மறுபடி கட்டணும். தவறாகக் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்கணும். வட்டி கிடையாது என்பது ஆறுதல். ஆனால் ரீஃபண்ட் வரும்வரை உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும்.

காம்போசிஷனில் இருப்பவருக்குச் சிக்கல் இன்னும் பெரிசு. காம்போசிஷன் டீலர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது; விற்றால் ஸ்கீமுக்கான தகுதியே போய்விடும். ஜிஎஸ்டி எண்ணே எடுக்காத சின்னக் கடைக்காரரும் கவனிக்கணும். பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம்தான். அந்த 20 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் பதிவு கட்டாயம்.

இப்போ சாஃப்ட்வேர் இதற்குள் எப்படி வருகிறது என்று பாருங்க. 2023 அக்டோபர் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால், அந்த முகவரிதான் சப்ளை நடந்த இடம். முகவரி இல்லையென்றால் உங்கள் கடை இருக்கும் இடம். மாநிலத்தின் பெயர் மட்டும் இருந்தாலே முகவரி இருப்பதாகத்தான் கணக்கு. கடலூர்க்காரர் பாகூர் கடைக்கு நேரில் வந்து, காசு கொடுத்து, பையில் வாங்கிட்டுப் போகிறார். ஆறு மாதம் முன்பு அவர் போன் நம்பரோடு சேவ் ஆன முகவரியை சாஃப்ட்வேர் எடுத்துப் பில்லில் போட்டுவிடுகிறது. உள்ளூர் விற்பனை வெளிமாநில விற்பனையாகிவிட்டது. கல்லாவில் இருப்பவருக்குத் தெரியக்கூட தெரியாது. நீங்களே டெலிவரி கொடுக்கும் சரக்குக்கு முகவரியை மறைக்கச் சொல்லவில்லை, அது உள்ளபடி இருக்கணும். கவுன்ட்டர் விற்பனையில் முகவரி தானாக ஏறக் கூடாது, அவ்வளவுதான். இதை ட்ரையலிலேயே போட்டுப் பாருங்க.

காம்போசிஷன்காரர்கள் இன்னொன்றும் பார்க்கணும். டாக்ஸ் இன்வாய்ஸ் வரக் கூடாது, பில் ஆஃப் சப்ளை வரணும். வரி வசூலிக்கத் தகுதியில்லாத காம்போசிஷன் டீலர் என்ற வாசகம் மேலே அச்சாகணும்.

ரிட்டர்ன் சரக்கு, உடைந்த பைசா

வரி விகிதம் மாறும்போதுதான் சாஃப்ட்வேரின் சாயம் வெளுக்கும். சிமென்ட்டை எடுத்துக்குங்க. 2025 செப்டம்பர் 22-ல் 28 சதவீதம் 18 ஆனது. ட்ரையலில் 2025 செப்டம்பர் 15 தேதியிட்டு 10 மூட்டை, வரிக்கு முன் 4,000 ரூபாய், ஒரு பில் போடுங்க. வரி 1,120 வரணும். பிறகு செப்டம்பர் 25 தேதியில் அந்தச் சரக்கு திரும்பி வந்ததாக கிரெடிட் நோட் போடுங்க. பழைய பில்லோடு சேர்ந்த நோட் என்பதால் அங்கேயும் 1,120-தான் வரணும். 720 என்று வந்தால், அந்த சாஃப்ட்வேர் ஐட்டத்தின் இன்றைய விகிதத்தை மட்டும் பார்க்கிறது, பழைய பில்லைப் பார்க்கவில்லை. இதற்குப் பின் எத்தனை வசதி இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

வரி சேர்த்த விலையையும் பாருங்க. 18 சதவீதப் பொருள், வரியோடு 1,000 ரூபாய். மதிப்பு 847.46, இரண்டு வரியும் தலா 76.27. சரியாக ஆயிரம். 820 மதிப்பு, 180 வரி என்று காட்டினால் கணக்கே தெரியாத சாஃப்ட்வேர் அது.

மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 ஃபைலை எடுத்து ஜிஎஸ்டி போர்ட்டலின் ஆஃப்லைன் டூலில் ஏற்றிப் பாருங்க. ஹெச்எஸ்என் பட்டியல் பதிவுள்ளவர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று பிரிந்து வரணும். "அதை உங்க ஆடிட்டர் பார்த்துப்பார்" என்று விற்பவர் சொன்னால், அந்த வேலைக்கும் சேர்த்து நீங்கள் ஆடிட்டருக்குப் பணம் கொடுக்கப் போறீங்க என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டன் தபால் துறை ஒரு உதாரணம். ஹொரைசன் என்ற சாஃப்ட்வேர் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நிலையக்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள். சாஃப்ட்வேரில் பிழைகள் இருந்ததை 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. நம்ம கடை அளவில் ஜெயில் எல்லாம் வராது. ஆனால் கல்லாவில் 3,000 குறைகிறது என்று வேலை செய்யும் பெண்ணைச் சந்தேகப்படும் முன்னாடி, யார் எந்த பில்லை எப்போ திருத்தினார்கள் என்ற பதிவு இருக்கணும். கம்பெனிகளுக்கு இந்தத் திருத்தப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். தனிநபர் கடைக்குக் கட்டாயமில்லை, இருந்தாலும் அந்த வசதி இருப்பதையே வாங்குங்க. அதை யாரும் அணைத்துவைக்க முடியக் கூடாது.

ட்ரையலை நீங்கள் ஓட்டாதீங்க, கல்லாவில் உட்காருபவரை ஓட்ட விடுங்க. சாயங்காலக் கூட்டத்தில் பத்து பில். நடுவில் இன்டர்நெட்டைப் பிடுங்கிப் பாருங்க. யுபிஎஸ்-ஐயும் ஒரு தடவை அணைத்துப் பாருங்க, பாதி அடித்த பில் என்ன ஆச்சு என்று தெரியும்.

விலையைப் பற்றி ஒன்று மட்டும். முதல் வருஷத் தள்ளுபடியைப் பார்க்காமல் மூன்று வருஷத்துக்கு ரினியூவல், சர்வீஸ், கூடுதல் யூசர் எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்க. ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் என்றால் ஜிஎஸ்டி போர்ட்டலின் டவுன்லோட் பகுதியில் இலவச பில்லிங் சாஃப்ட்வேர்களும் உண்டு; அவற்றையும் இதே பில்களால் சோதியுங்க.

கடைசியாக, சந்தா கட்டுவதை நிறுத்தினால் பழைய பில்லைத் திறக்க முடியுமா என்று கேளுங்க. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கணும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் 31 வரை. ட்ரையல் முடியும் நாளில் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்க. பேக்கப்பையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ரீஸ்டோர் செய்து, அந்த சிமென்ட் பில் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.