நேற்று நெஞ்சு, இன்று வயிறு: இடம் மாறும் பதற்றத்தை வேலையில் சமாளிப்பது எப்படி?

ஜனவரியில் நெஞ்சு படபடத்தது. பயந்துபோய் இசிஜி எடுத்தீர்கள், ரிப்போர்ட் நார்மல். ஒரு வாரத்தில் படபடப்பு அடங்கியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், ரிலீஸ் தேதி நெருங்கும்போது வயிறு கலக்க ஆரம்பித்தது. கேஸ் என்று நீங்களே முடிவு கட்டி மாத்திரை போட்டீர்கள். அதுவும் போனது. அப்ரைசல் சீசனில் தலை கிறுகிறுத்தது, விரல் நுனிகள் மரத்தன. நரம்புக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர், ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல். இப்போது தொண்டையில் ஏதோ உருண்டை சிக்கிய மாதிரி இருக்கிறது.

இது உங்கள் கதை போலவே இருந்தால், உங்களுக்கு நான்கு நோய்கள் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே பதற்றம் நான்கு இடங்களில் தலைகாட்டுகிறது. ஒரே ஆள் வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவது போல. நம்பரை பிளாக் செய்துகொண்டே போனால் அடுத்த நம்பரிலிருந்து வருவார். இதைப் புரிந்துகொள்ளாதவர்களின் லீவும் சேமிப்பும் லேப் வாசலிலேயே கரைகின்றன. நீங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் வாரத்தில், பக்கத்து சீட்டுக்காரர் உங்களுக்கு வரவேண்டிய ப்ராஜெக்ட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஏன் இடம் மாறுகிறது?

ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கியதுதான் இன்றும் அடிப்படை. ஆபத்து என்று மூளை கணித்துவிட்டால் அட்ரினலின் ரத்தத்தில் இறங்கும். இதயம் வேகமெடுக்கும், மூச்சு கூடும், தசைகள் முறுக்கேறும், வியர்க்கும், செரிமானம் பின்னுக்குப் போகும். உத்தரவு எல்லா உறுப்புகளுக்கும் ஒரே சமயத்தில் போகிறது. அதில் எது உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பெருமளவு உங்கள் கவனம்தான் தீர்மானிக்கிறது. இசிஜி நார்மல் என்று தெரிந்ததும் நெஞ்சின் மேல் வைத்திருந்த காவல் தளர்கிறது. கவனம் வயிற்றுக்கு நகர்கிறது. பதற்றம் மாதக்கணக்கில் நீண்டால் அதன் முகமும் மாறும். படபடப்பு குறைந்து கழுத்து வலி, தாடை இறுக்கம், அரைகுறைத் தூக்கம், காரணமில்லாத அசதி என்று வேறு உருவில் வரும்.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். உடலில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது, அதை ‘ஹார்ட் அட்டாக்’, ‘மயங்கி விழப்போகிறேன்’ என்று நாம் மோசமாக அர்த்தப்படுத்துகிறோம், அந்த பயம் அட்ரினலினைக் கூட்டுகிறது, அறிகுறி பெரிதாகிறது. இந்தச் சுற்றை உடைப்பதுதான் உங்கள் வேலை. எப்படி என்று பார்ப்போம்.

1. ஒரு டாக்டர், ஒரு முழு செக்கப்

முதலில் உடம்பை ஒழுங்காகப் பரிசோதியுங்கள். ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று நீங்களே முடிவு கட்டுவது ‘எல்லாம் கேஸ்தான்’ என்று முடிவு கட்டும் அளவுக்கு ஆபத்தானது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் நடுக்கமும் வரும். ரத்தசோகையில் மூச்சு வாங்கும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பி12 குறைந்தால் கை கால் மரக்கும். எனவே உங்கள் குடும்ப டாக்டரிடம் போய் பி.பி., இசிஜி, ஹீமோகுளோபின், சுகர், தைராய்டுக்கான டிஎஸ்எச், பி12 இவற்றில் எது எது தேவை என்று கேட்டு, ஒரே சமயத்தில் முடித்துவிடுங்கள்.

பிறகு அவரிடமே இன்னொரு கேள்வி கேளுங்கள்: “எந்த மாதிரி அறிகுறி வந்தால் நான் உடனே வரவேண்டும்?” அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, நடக்கும்போது வலி கூடுவது, நினைவு தப்புவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் 108. யோசிக்க வேண்டாம், கூகுள் செய்யவும் வேண்டாம். பட்டியலில் இல்லாத, ஏற்கெனவே பார்த்து நார்மல் என்று சொல்லப்பட்ட அறிகுறி வந்தால் புதிய ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

2. ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்

போனில் ஒரு நோட் போதும். தேதி, நேரம், என்ன அறிகுறி, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அன்று எத்தனை காபி, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு முறை, வேலை முடிந்து கிளம்பும்போது எழுதுங்கள். மணிக்கு மணி எழுத ஆரம்பித்தால் அதுவே உடம்பைக் கண்காணிக்கும் இன்னொரு பழக்கமாகிவிடும்.

சில வாரங்கள் கழித்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: அறிகுறியின் இடம் மாறியிருக்கும், சந்தர்ப்பம் மாறியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மாலை. குறிப்பிட்ட ஒரு மேனேஜரோடு ஒன்-ஆன்-ஒன். எஸ்கலேஷன் மெயில் வந்த அரை மணி நேரம். மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாள். அந்தச் சந்தர்ப்பம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை அறிகுறி எந்த உருவில் வந்தாலும் ‘சரி, இது புதன்கிழமை ரிவ்யூவுக்கானது’ என்று அடையாளம் சொல்ல முடியும். பெயர் தெரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

3. அந்த நேரத்தில் என்ன செய்வது?

மூச்சு முட்டுகிறது, விரல் மரக்கிறது, வாயைச் சுற்றிக் குறுகுறுக்கிறது என்றால், நீங்கள் தேவைக்கு அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது; அதனால்தான் மரப்பும் கிறுகிறுப்பும். இந்த இடத்தில் ‘நல்லா டீப்பா மூச்சு விடு’ என்று நண்பர்கள் சொல்வது நிலைமையை மோசமாக்கும். இழுப்பதைக் குறையுங்கள், விடுவதை நீட்டுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தினமும் 5 நிமிடம் வெளிமூச்சை நீட்டும் பயிற்சியை ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பதற்றம் இல்லாத நாட்களிலும் பழகுங்கள். தேவைப்படும் நாளில்தான் முதல் முறையாக முயன்றால் கைகொடுக்காது.

படபடப்புக்கு முதல் விதி, ஸ்மார்ட் வாட்ச்சைப் பார்க்காதீர்கள். 96 என்று காட்டும், பயப்படுவீர்கள், 110 ஆகும். பேனிக் அட்டாக் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். அடக்க முயல வேண்டாம். ‘வந்திருக்கிறது, இறங்கும்’ என்று சொல்லிக்கொண்டு, கையிலிருந்த வேலையை அரை வேகத்தில் தொடருங்கள்.

கிறுகிறுப்பு வந்தால் மயங்கி விழுவோம் என்ற பயம் வரும். மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பதற்றத்தில் அது பெரும்பாலும் ஏறவே செய்கிறது. எனவே பதற்றத்தில் மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கும் இயல்பு உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, எதிரே அசையாத ஒரு பொருளில் பார்வையை நிறுத்துங்கள்.

கை நடுங்கினால் தாளைக் கையில் பிடிக்காதீர்கள். தாள் ஒரு சின்ன நடுக்கத்தையும் ஹால் முழுக்கக் காட்டிக்கொடுக்கும். குறிப்புகளை மேஜையில் வையுங்கள், கைகளை மேஜை ஓரத்தில் ஊன்றுங்கள். ‘ஒரு மாத்திரை இருக்கு, நடுக்கமே வராது’ என்று சக ஊழியர் ப்ரொப்ரனலால் நீட்டினால் வாங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

வயிறு கலக்கும் ஆட்கள் இருபது நிமிடம் முன்னதாக இடத்துக்குப் போய்ச் சேருங்கள்; பாத்ரூம் எங்கே என்று தெரிந்துவிட்டாலே பாதி கலக்கம் போய்விடும். வெறும் வயிற்றில் காபி வேண்டாம், இரண்டு இட்லி போதும். தொண்டையில் உருண்டை இருக்கிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்க்காதீர்கள். விழுங்க விழுங்கத்தான் அது பெரிதாகத் தெரியும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். தாடையும் தோளும் இறுகினால் 5 விநாடி வேண்டுமென்றே இறுக்கி, பிறகு தளர விடுங்கள்.

4. இன்டர்வ்யூவிலும் பிரசென்டேஷனிலும்

பேனலில் இருப்பவர்களுக்கு உங்கள் இதயத் துடிப்பு கேட்காது. அவர்கள் பார்ப்பது நடை, முதல் வாக்கியம், பதிலின் வேகம். எனவே முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வரிக்கு வரி மனப்பாடம் செய்யுங்கள். குரல் நடுங்குவது பெரும்பாலும் அந்த முதல் நிமிடத்தில்தான்.

‘நான் ரிலாக்ஸா இருக்கேன்’ என்று உங்களுக்கு நீங்களே பொய் சொல்லாதீர்கள், உடம்பு நம்பாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைக்கு முன் ‘நான் எக்சைட்டடா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். காரணம் எளிது. ஆர்வத்திலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். உடம்பை மாற்ற வேண்டியதில்லை, அதற்கு வைக்கும் பெயரை மாற்றினால் போதும்.

இன்னொரு பயிற்சியை நான் பலமாகப் பரிந்துரைப்பேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, மூன்று மாடி வேகமாகப் படியேறுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் செல்ஃப்-இன்ட்ரோவைச் சொல்லிப் பாருங்கள். படபடப்போடும் தெளிவாகப் பேச முடியும் என்று உடம்புக்கு நிரூபிக்கும் வழி இது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நிதானமாக ஒத்திகை பார்த்தவருக்குக் கிடைக்காத அனுகூலம்.

5. கரியரைக் கெடுப்பது எது?

நடுக்கத்தால் வேலை போனவர்களைவிட, தவிர்ப்பதால் பின்தங்கியவர்கள் அதிகம் என்பது என் கருத்து. கேமராவை அணைப்பது. டெமோவை ஜூனியரிடம் தள்ளுவது. ஆன்சைட் வாய்ப்பை ‘வீட்டுல சூழ்நிலை சரியில்லை’ என்று மறுப்பது. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் உடனடியாக நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த பயத்தை வளர்க்கிறது. மேலே இருப்பவர்கள் அதைப் பதற்றம் என்று படிக்க மாட்டார்கள். ஆர்வமில்லை என்று படிப்பார்கள். அப்ரைசலில் அதற்குத்தான் மார்க் குறையும்.

படிப்படியாகத் திரும்பி வாருங்கள். இந்த வாரம் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் கேமரா ஆன். அடுத்த வாரம் ஒரு கேள்வி. அதற்கடுத்து டெமோவில் ஒரு பகுதி. அறிகுறி முழுக்க நின்ற பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

காபி விஷயத்தில் கறாராக இருங்கள். காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி ஸ்ட்ராங் காபியில் பாதி, இரவு 10 மணிக்கும் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு டென்ஷன் குறையக் குடிக்கும் மது, சனிக்கிழமை காலை அதே டென்ஷனை வட்டியோடு திருப்பித் தரும். நைட் ஷிப்ட் ஆட்களுக்குத் தூக்கத்தைக் காப்பாற்றுவது மற்ற எல்லா டிப்ஸையும்விட முக்கியம்.

6. ஆபீஸில் யாரிடம், எவ்வளவு சொல்வது?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தேவையைச் சொல்லுங்கள். “சார், எனக்கு ஒரு ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை காலையில ஒரு மணி நேரம் லேட்டா வருவேன், டெலிவரி பாதிக்காது.” இவ்வளவு போதும். மேனேஜருக்குத் தேவை வேலை தாமதமாகாது என்ற உறுதி. டீம் நண்பர்களிடம் விவரமாகச் சொல்வதற்கு முன், அவர்களில் யார் உங்கள் அடுத்த பிரமோஷனுக்குப் போட்டியாளர் என்று ஒரு முறை யோசியுங்கள். கம்பெனி கவுன்சலிங் வசதி தந்தால் பயன்படுத்துங்கள். பேசுவது யாருக்குப் போகும் என்ற விதியை முதலில் படித்துவிட்டு.

மனநல மருத்துவச் சட்டம் 2017, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்கிறது. உங்கள் பாலிசியில் அவுட்பேஷன்ட் கன்சல்டேஷன் அடங்குமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். அது பொதுவான கேள்விதான். காரணம் சொல்லத் தேவையில்லை.

7. எப்போது நிபுணரிடம் போவது?

வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் கவலை, அது மாதக்கணக்கில் தொடர்கிறது, தூக்கமும் வேலையும் கெடுகின்றன என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தை டாக்டர்களே பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். அது நோயை உறுதி செய்யாது, வழி காட்டும். சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சைக்கு இதில் நல்ல பலன் உண்டு. மாத்திரை எழுதினால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம். முதல் நாட்களில் குமட்டலோ படபடப்போ கூடவும் செய்யலாம். அதை இன்னொரு புது நோய் என்று நினைத்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டருக்கு போன் செய்யுங்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் நேரடியாகக் கேட்டு வாங்குவது பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும்.

செலவைப் பற்றிக் கவலை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416-இல் அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் எட்டிப்பார்த்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள்.

முதல் விசிட்டில் டாக்டர் தரும் நேரம் குறைவாக இருக்கும். ஒரு பக்கக் குறிப்பையும், இதுவரை எடுத்த ரிப்போர்ட்களைத் தேதி வரிசையிலும் கொண்டுபோங்கள். இடம் மாறி மாறி வருகிறது என்பதையும், எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது என்பதையும், வேலையில் எதைத் தவிர்க்கிறீர்கள் என்பதையும் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். எழுந்து வரும் முன் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதியை வாங்கி, ஆபீஸ் காலண்டரில் அந்த ஒரு மணி நேரத்தை பிளாக் செய்துவிடுங்கள்.